கதைகளில் சாகும் குழந்தைகள்

நம்முடைய கதைகளில் குழந்தைகள் மிகவும் சுலபமாகச் செத்துப்போகிறார்கள். கணவனும் மனைவியும் பேசாமல் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்துவைக்க வேண்டும், அல்லது ஒரேயடியாகப் பிரித்துவிட வேண்டும். ஆசிரியருக்கு வழி புலப்படவில்லை. உடனே தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு உடம்பு சுடுகிறது. மூன்றாம் நாள் விடியற்காலையில் அது கண்ணை மூடிவிடுகிறது. கதை முடிந்துவிடுகிறது, வாசகியின் புடவைத் தலைப்பு நனைகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. 1841-ல் டிக்கன்ஸ் தம் நாவல் ஒன்றில் நெல் என்ற சிறுமியைச் சாகடித்தபோது இங்கிலாந்து முழுவதும் கண்ணீர் விட்டது. அழுகை குற்றமல்ல. குழந்தை இறந்தால் அழத்தான் வேண்டும், கதையிலானாலும் வீட்டிலானாலும். என் ஆட்சேபம் வேறு. இந்தக் குழந்தைகள் எதனால் சாகிறார்கள் என்பது நம் கதைகளில் தெரிவதே இல்லை.

பழைய தலைமுறைக் கதாசிரியனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊரில் வாந்திபேதி வந்தது, அம்மை வார்த்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். படிக்கிறவன் வீட்டிலேயே அது நடந்திருக்கும். பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் எவருக்கும் வரவில்லை. மற்ற பல நோய்களுக்கும் ஊசி வந்துவிட்டது. ஆனால் கதைகளில் அந்த மூன்று நாள் காய்ச்சல் மட்டும் பெயரில்லாமல், ஊசிக்கும் மருந்துக்கும் கட்டுப்படாமல் இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது.

காரணம் இல்லாத சாவு கதையில் சும்மா இருக்காது. அது ஒரு குற்றவாளியைத் தேடும். தேடிப் போய் நிற்கிற இடம் அநேகமாகத் தாய்தான். அவள் ஜாதகம் சரியில்லை. அவள் வயிற்றில் ஆண்பிள்ளை தங்காது. அவள் கர்ப்பமாக இருந்தபோது கூடாத இடத்துக்குப் போனாள். ஆசிரியர் இதையெல்லாம் மாமியார் வாயில் வைத்துவிட்டு, தமக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்கி நிற்பார். ஆனால் மாமியாருக்கு மறுப்பாகக் கதையில் ஒரு சொல் கூட இருக்காது. வாசகருக்கு மருமகளிடம் இரக்கம் பிறக்கும். மாமியார் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பும் கூடவே தங்கிவிடும்.

போடிநாயக்கனூரில் இருக்கிற எனக்கு இந்த விஷயத்தில் சற்று அதிகமான அக்கறை உண்டு. எங்கள் பக்கத்துப் பெயர்களைப் பாருங்கள்: பிச்சை, குப்பன், குப்பம்மாள், தவிட்டான். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்த குழந்தைக்கு வைக்கிற பெயர்கள் இவை. குழந்தையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுப்பார்கள். பிச்சைக்காரிக்குக் கொடுத்துவிட்டுப் பிச்சையாகத் திருப்பி வாங்குவார்கள். ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டு மறுபடி வாங்கிக்கொள்வார்கள். ஆசைப்பட்டு எடுத்துப் போகத் தகுந்த பொருள் இதில்லை என்று எமனை ஏமாற்றுகிற தந்திரம் அது. ஒவ்வொரு பிச்சைக்கும் முன்னால் பெயர் வைக்காமல் போன இரண்டு மூன்று குழந்தைகள் இருந்திருக்கின்றன. இந்தப் பெயர்களை நம் கதாசிரியர்கள் தாராளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற எண்ணிக்கையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அந்த எண்ணிக்கையை எனக்குச் சொன்னவர் ஒரு மூதாட்டி. ஏலக்காய் குடோனில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்கு விடியற்காலை ஜீப்பில் ஏறிப் பாதி ஆயுள் காய் எடுக்கப் போனவர். மலையேற முடியாத வயதில் கீழே வந்து உட்கார்ந்துகொண்டார். ஏழு மில்லி காயையும் எட்டு மில்லி காயையும் சல்லடை இல்லாமல் கண்ணாலேயே பிரிப்பார். அவர் தம் கதையைச் சொன்னதும் அப்படித்தான் இருந்தது. அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“அஞ்சு பெத்தேன் தம்பி. ரெண்டு பொட்டை, மூணு ஆணு. பொட்டை ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது. ஆணு மூணும் ஆறு மாசம் வரைக்கும் தங்கமா இருக்கும். சோறூட்டி முடிச்சதும் ஆரம்பிக்கும்.”

முதல் பையனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஊசி போட்டால் சரியாகும். அடுத்த மாதம் மறுபடி வரும். ஒன்பதாம் மாதம் போய்விட்டான். இரண்டாமவனுக்குக் காதில் சீழ். ஒன்றரை வயது வரைக்கும் சீழ் நிற்கவில்லை. கடைசியில் ஜன்னி கண்டு போனான். மூன்றாமவன் நான்கு வயது வரை இருந்தான். முழங்கால் வீங்கும், கட்டி வரும், நெஞ்சு அடைக்கும். ஆறாம் மாதம் குலதெய்வம் கோயிலில் சோறூட்டியபோது ஊர்க்கண் பட்டுவிட்டது என்றார்கள் சிலர். கைராசி இல்லாதவள் என்றார்கள் சிலர். புருஷன் வீட்டார் சொன்ன சொல்லை நான் அச்சில் ஏற்ற விரும்பவில்லை.

போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். “எங்க ஆத்தாளுக்கும் இப்படித்தான். எனக்கு மூத்தது ஒண்ணு, இளையது ஒண்ணு. ரெண்டும் ஆணு. ரெண்டும் நிக்கலை.”

நான் வைத்தியம் படித்தவனல்ல; இண்டர்மீடியட்டோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் இந்தக் கதையை ஒரு குழந்தை வைத்தியரிடம் சொன்னால் அவர் நிமிர்ந்து உட்காருவார் என்பது எனக்குத் தெரியும். காரணம், இதே கதையை வைத்திய உலகம் 1952-லிருந்து அறிந்திருக்கிறது.

அந்த வருஷம் அமெரிக்க ராணுவ டாக்டர் கர்னல் ஆக்டன் புரூட்டன் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரிக்கு எட்டு வயதுப் பையன் ஒருவன் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தான். ரத்தத்தில் கிருமி பரவிக் காய்ச்சல் வரும், மருந்து கொடுத்தால் தெளியும், மறுபடி வரும். நான்கு வருஷத்தில் இப்படிப் பத்தொன்பது தடவை. அவன் ரத்தத்திலுள்ள புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, கிருமிகளை எதிர்க்கிற காமா குளோபுலின் என்ற பகுதியே அங்கு இல்லை. புரூட்டன் செய்த காரியம் எளிமையானது: இல்லாததைக் கொடுத்தார். பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அந்தப் புரதத்தை மாதாமாதம் ஊசியாகப் போட்டார். பையன் தேறினான்.

இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிற ஒரு ஜீனின் பிழை என்று 1993-ல் கண்டுபிடித்தார்கள். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும். ஆணுக்கு ஒன்றுதான். ஆகவே பெண்கள் கல் மாதிரி நிற்பார்கள், பையன்கள் நோயாளிகளாவார்கள், தாய்வழி மாமன்களும் சிறு வயதில் போயிருப்பார்கள். ஆறு மாதம் வரை குழந்தை தங்கமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கர்ப்பத்தில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்புப் புரதம் குழந்தையின் ரத்தத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. பிறந்த பின் சில மாதங்கள் அதுதான் காவல். அது கரையக் கரைய மற்றக் குழந்தைகள் தாங்களே உற்பத்தி செய்துகொள்வார்கள். இவர்களால் முடியாது. தாய் கொடுத்த சீதனம் தீர்கிற மாதமும், நாம் சோறூட்டுகிற மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

அந்த மூதாட்டியின் பிள்ளைகளுக்கு இருந்தது இந்த நோய்தான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அதைச் சொல்ல ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் மண்ணோடு போய்விட்டது. இதைப்போன்ற பரம்பரைக் குறைகள் இன்று 450-க்கு மேல் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஒன்றில் புரதம் இல்லை. ஒன்றில் வெள்ளை அணு கிருமியை விழுங்கும், கொல்லத் தெரியாது. இன்னொன்றில் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் ஏராளமாக ஓடும், ரத்தக் குழாயை விட்டு வெளியே வந்து புண்ணைச் சேர முடியாது. இந்தக் கடைசி வகைக் குழந்தைக்குத் தொப்புள்கொடி விழ மூன்று வாரத்துக்கு மேலாகும். புண் வந்தால் சீழ் பிடிக்காது. சீழ் இல்லையே என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அதுதான் ஆபத்தின் அடையாளம். கொடி என்றைக்கு விழுந்தது என்பதைத் தாயத்தில் அடைத்து வைக்கிற பாட்டியைத் தவிர வேறு யார் நினைவு வைத்திருக்கப்போகிறார்கள்?

இந்த இடத்தில்தான் இலக்கிய விஷயத்துக்குத் திரும்புகிறேன். எத்தனையாவது குழந்தை, ஆணா பெண்ணா, எத்தனை மாதம், காதா நெஞ்சா, சீழ் உண்டா இல்லையா, தாய்மாமன் என்ன ஆனான் என்பவை டாக்டர் கேட்கிற கேள்விகள். நல்ல கதாசிரியனும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவையேதான். அந்த மூதாட்டி கேட்காமலே இவற்றுக்கெல்லாம் விடை வைத்திருந்தார். சமீபத்தில் ஒரு போட்டிக்கு வந்த சிறுகதைகளைப் படிக்க நேர்ந்தது. அவற்றில் ஒன்று, மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயைப் பற்றியது. நடை நன்றாக இருந்தது. மழை நன்றாகப் பெய்தது. காகம் சரியான நேரத்தில் கரைந்தது. ஆனால் மூன்று குழந்தைகளும் ஒரே குழந்தையாக இருந்தன. ஆணா பெண்ணா என்பது கூட இரண்டாவது குழந்தை விஷயத்தில் தெரியவில்லை. துக்கத்தைக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் துக்கத்துக்கு உரியவர்களை ஆசிரியர் பார்க்கவே இல்லை. குடோனில் உட்கார்ந்திருந்த அம்மாள் அவரைவிடச் சிறந்த கதாசிரியர்.

அப்படியானால் கதையில் நோயின் பெயரை எழுதியே ஆக வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. நோயின் பெயரே இல்லாமல் எழுதப்பட்ட ஒரு மகத்தான சிருஷ்டி நம் நாட்டிலேயே இருக்கிறது. தாகூரின் ‘தபால் நிலையம்’ 1912-ல் வெளிவந்த நாடகம். அமல் என்ற சிறுவன், மாதவன் வீட்டு வளர்ப்புப் பிள்ளை. வெளிக்காற்றும் வெயிலும் பட்டால் ஆகாது என்று வைத்தியர் சாஸ்திரம் சொல்லி அவனை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார். அவன் ஜன்னலருகில் உட்கார்ந்து தயிர்க்காரனோடும் காவல்காரனோடும் பூப்பறிக்கும் சுதாவோடும் பேசுகிறான். ராஜாவிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். அவனுக்கு என்ன நோய் என்று தாகூர் சொல்லவில்லை. ஆனால் அமல் வேறு எந்தக் குழந்தையாகவும் இருக்க முடியாது. தயிர் விற்கும் குரலை அவன் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற விதம் ஒன்றே போதும். முக்கியமாக, அந்தச் சாவுக்கு யார் மீதும் பழி விழவில்லை. பழி போடாத சாவுக்குக் காரணம் சொல்ல வேண்டிய கடன் ஆசிரியனுக்கு இல்லை.

இந்த நாடகத்தை 1942 ஜூலையில் வார்ஸா நகரத்து யூதர் அடைப்பில் அநாதைக் குழந்தைகளைக் கொண்டு நடிக்க வைத்தார் யானுஷ் கோர்சாக். அவர் எழுத்தாளர், குழந்தை வைத்தியரும் கூட. அடுத்த மாதமே நாஜிகள் அந்தக் குழந்தைகளையும் அவரையும் கொலைக்களத்துக்குக் கொண்டு போனார்கள். சாவை எதிர்நோக்கிய குழந்தைகளுக்கு ஒரு டாக்டர் தேர்ந்தெடுத்த நாடகம் அது என்றால், அதன் உண்மைக்கு வேறு நற்சாட்சி வேண்டாம்.

நோயின் பெயரை நன்றாகவே சொல்லி உண்மையைக் கைவிட்ட படைப்புக்கும் உதாரணம் இருக்கிறது. 1976-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ‘தி பாய் இன் தி பிளாஸ்டிக் பபிள்’ என்ற படம். ஜான் டிரவோல்டா நடித்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறந்த பையன் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்கிறான்; பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான்; முடிவில் கூடாரத்தை விட்டு வெளியே வந்து அவளோடு குதிரையேறிப் போகிறான். பார்க்கிறவர்களுக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

அந்தப் படம் வந்தபோது, அதற்குத் தூண்டுதலாக இருந்த பையன்களில் ஒருவனான டேவிட் வெட்டருக்கு வயது ஐந்து. டெக்ஸாஸில் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் 1971 செப்டம்பரில் பிறந்தவன். அவனுக்கு முன் பிறந்த அண்ணன் இதே குறையால் ஏழாம் மாதத்தில் இறந்தான். அந்தச் சாவுக்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்தது ஆணாகப் பிறந்தால் பாதிக்குப் பாதி அபாயம் என்று சொல்லப்பட்டது. ஆகவே டேவிட் பிறந்த சில நொடிகளுக்குள் கிருமியில்லாத கூடாரத்தில் வைக்கப்பட்டான். பன்னிரண்டு வருஷம் அதற்குள்ளேயே. 1977-ல் விண்வெளி ஆராய்ச்சி நிலையமான நாஸா அவனுக்கென்று ஓர் உடை தைத்துக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு சில முறை வெளியே நடந்தான். 1983-ல் அக்காள் காதரீனின் எலும்பு மஜ்ஜையை அவனுக்குச் செலுத்தினார்கள். அதில் அந்தக் காலத்துச் சோதனைக்கு அகப்படாத ஒரு வைரஸ் ஒளிந்திருந்தது. அது புற்றாயிற்று. சிகிச்சைக்காக வெளியே எடுத்தபோதுதான் தாய் அவனை முதன்முதலில் கையுறை இல்லாமல் தொட்டாள். இரண்டு வாரத்தில், 1984 பிப்ரவரி 22-ந் தேதி, அவன் இறந்தான்.

தாகூர் நாடகத்திலும் கடைசியில் கதவு திறக்கிறது. ராஜவைத்தியர் வந்து எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறக்கச் சொல்கிறார். அமல் நட்சத்திரத்தைப் பார்த்தபடி உறங்கிப்போகிறான். ஹாலிவுட் படத்திலும் கதவு திறக்கிறது. இரண்டு கதவுகளுக்கும் உள்ள தூரமே இலக்கியத்துக்கும் பொழுதுபோக்குக்கும் உள்ள தூரம். 1976-ல் டேவிட்டின் தாய் அந்தக் குதிரையைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்ற கேள்வியைப் படமெடுத்தவர்கள் தங்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

என் வாதத்துக்கு ஓர் எதிர்ப்பு உண்டு; அதை மறைக்கக்கூடாது. நீ காரணத்தைச் சொல்கிறாய். காரணம் தாய்வழியே வருகிறது என்கிறாய். இதுவரை ராசி என்று பழித்தவர்கள் இனி ஜீன் என்று பழிப்பார்களே, மாமியாருக்குப் புதிய ஆயுதம் கொடுத்ததாக ஆகாதா என்று கேட்கலாம். நியாயமான பயம். ஆனால் பாதி உண்மையைச் சொன்னால்தான் இந்த ஆபத்து. முழுவதும் சொன்னால் இல்லை. இந்த நோய்கள் பலவற்றில் தாய் தகப்பன் இருவரும் சமமாகப் பங்கு கொடுக்கிறார்கள். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற நம் வழக்கத்தில் அந்தப் பங்குகள் சந்திக்க வாய்ப்பு அதிகம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவிலே மணந்தவர்கள். எக்ஸ் வழி வருகிறவற்றில் கூட, சில குடும்பங்களில் பிழை அந்தக் குழந்தையிடமே புதிதாகத் தோன்றுகிறது. மேலும், எந்தத் தாயின் மீது பழி போட்டார்களோ அவளுடைய ரத்தம்தான் ஆறு மாதம் அந்தக் குழந்தையைக் காவல் காத்தது. இதையும் சேர்த்துச் சொல்கிற கதையில் மாமியாருக்கு ஆயுதம் கிடைக்காது.

இன்னொன்று: காரணம் தெரிந்தால் அடுத்த குழந்தைக்கு வழி உண்டு. 1968-ல் மின்னஸோட்டாவில் டாக்டர் ராபர்ட் குட் ஓர் ஆண் குழந்தைக்கு அவன் அக்காளின் மஜ்ஜையைச் செலுத்திப் பிழைக்க வைத்தார். பல ஆண் குழந்தைகளை இழந்த குடும்பம் அது. இப்படிப்பட்ட மாற்றுச் சிகிச்சை இன்று வேலூரிலும் சென்னையிலும் நடக்கிறது. புரூட்டன் கண்ட நோய்க்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை புரத மருந்து ஏற்ற வேண்டும், ஆயுள் முழுவதும். ஆயிரக்கணக்கான முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து அது எடுக்கப்படுகிறது, விலையும் அப்படியே. 2021-ல் மத்திய சர்க்கார் வகுத்த அபூர்வ நோய்களுக்கான கொள்கையில் இவற்றில் சில நோய்களும் சேர்ந்திருக்கின்றன. போடியிலிருந்து இதற்கெல்லாம் தூரம் அதிகம் என்பது உண்மைதான். முதல் அடி மட்டும் தூரமில்லை. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நிமோனியா, நிற்காத காதுச் சீழ், திரும்பத் திரும்ப ஆழமான கட்டி, எடை ஏறாத உடம்பு, இளமையில் போன தாய்மாமன்: இவற்றைச் சேர்த்து ஒரு டாக்டரிடம் சொல்வதுதான் அது. சளி பிடிக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த நோய் என்று யாரும் நடுங்க வேண்டாம். வருஷத்தில் ஆறேழு தடவை மூக்கு ஒழுகாத குழந்தை ஏது?

மூதாட்டியின் மகளுக்கு ஓர் ஆண் குழந்தை இருந்தது. அப்போது நான்கு மாதம். தங்கமாக இருந்தது. சோறூட்டும் நாள் வரைக்கும் காத்திருக்காமல் மதுரைக்குக் கொண்டு போகும்படியும், என்னிடம் சொன்னதை அப்படியே அங்கே சொல்லும்படியும் கேட்டுக்கொண்டேன். அந்த வயதில் புரதத்தை அளந்தால் தாயினுடையது தெரியும். அதை உண்டாக்குகிற அணுக்கள் குழந்தையின் ரத்தத்தில் உண்டா என்று எண்ணிப் பார்க்கிற சோதனை இருக்கிறது. போனார்கள். என்ன தெரிந்தது என்பது அந்தக் குடும்பத்தின் விஷயம். அதைக் கட்டுரையாக்க எனக்கு உரிமை இல்லை. அங்கே இருந்த இளம் டாக்டரம்மாள் பேனாவை எடுத்து, கிழவி சொன்ன ஐந்து பிள்ளைகளையும் அவருடைய தாயார் பெற்ற பிள்ளைகளையும் வட்டமும் சதுரமுமாக ஒரு தாளில் வரைந்துகொண்டார் என்பதை மட்டும் சொல்லலாம். இறந்தவர்களின் சதுரத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. அத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தைகளை ஒருவர் ஒவ்வொருவராக எண்ணியது அதுதான் முதல் தடவை என்று கிழவி சொன்னார்.

எழுதத் தொடங்குகிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்கள் கதையில் ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தால் சாகட்டும். ஆனால் அதற்கு முன் அது எத்தனை மாதத்துக் குழந்தை, அதற்கு முன்னால் யார் பிறந்தார்கள், எங்கே வலித்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விசாரித்ததை எல்லாம் எழுத வேண்டியதில்லை. விசாரித்தவன் எழுதிய கதையில் தாயின் மீது பழி விழாது.